நெட்ரா பஸ்ஸை நிறுத்திய இடம்

ஆல்டர் கிரீக் ஊருக்கு மேற்கே ஒரு ரயில் பாதை குறுக்கிடுகிறது. அதில் கடைசி ரயில் போய்ப் பத்தொன்பது வருஷமாகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே சேஜ் புதர் இடுப்பளவுக்கு வளர்ந்து கிடக்கிறது. இருந்தாலும் நெட்ரா ஹோலியோக் அங்கே வந்ததும் வண்டியை நிறுத்தாமல் போனதில்லை. ஜன்னலை இறக்குவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்ப்பார். அப்புறம்தான் வண்டி நகரும்.

"அந்தப் புதருக்குள்ளேருந்து முயல்தான் வரும், நெட்ரா" என்பார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் ஆர்வல்.

"முயல் மேல மட்டும் ஏத்தலாமா?"

முப்பத்துமூன்று வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர் அவர். இருபத்தேழாவது வயதில், மாட்டுத் தீவனமான குதிரைமசாலின் விலை அடிமட்டத்துக்குப் போய்ப் பண்ணை தள்ளாடிய வருஷம், பள்ளிக்கூடத்தில் டிரைவர் வேலை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றார். பசு மாட்டில் பால் கறக்கும் பெண்ணுக்கு நாற்பது அடி வண்டி எதற்கு என்று தீவனக் கடை வாசலில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அறுபத்திரண்டு மைல் மலைப்பாதையில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டவர் பின்னாளில் நெட்ராதான். பனியிலும் ஓட்டினார், புழுதிக் காற்றிலும் ஓட்டினார். ஒரு குழந்தைக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷமான பிறகும் ஓட்டுநர் உரிமத்தைக் காலாவதியாக விடவில்லை. யாராவது டிரைவருக்குக் காய்ச்சல் என்றால் இன்றும் கூப்பிடுவார்கள்.

அந்தச் செப்டம்பர் வெள்ளிக்கிழமை அவர்கள் கிளம்பியது செயின்ட் ஜார்ஜுக்கு. பேத்திக்கு எட்டு வயது நிரம்பியிருந்தது. அவர்கள் சபை வழக்கப்படி மறுநாள் காலை ஞானஸ்நானம். விருந்துக்கு நூறு சின்ன ரொட்டிகளும், தேனில் சுட்ட பன்றித் தொடையும், இரண்டு தட்டு உருளைக்கிழங்கு சீஸ் கலவையும் பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஐஸ் பெட்டிகளில் ஏறியிருந்தன. பெரிய நெடுஞ்சாலையில் போனால் மூன்றே மணி நேரம். ஆர்வல் கேட்கவில்லை. மலைகளுக்குள் புகுந்து போகும் பழைய சாலையில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம்.

அவருக்கு எழுபத்துநாலு வயது. பாலைவனத்தில் எங்கே ஒரு நினைவுப் பலகை நட்டிருந்தாலும் இறங்கிப் போய்க் கடைசி எழுத்து வரை உரக்கப் படித்துவிட்டுத்தான் வருவார். அந்தச் சாலையில், பிட்டர் ஸ்பிரிங் என்ற இடத்தில், முதல் குடியேறிகள் கட்டிய கல் கோட்டை ஒன்று இருக்கிறது. அவருடைய கொள்ளுப்பாட்டி ஆனா கிர்ஸ்டின் பத்தொன்பது வயதில் டென்மார்க்கிலிருந்து வந்து, அந்தக் கோட்டையில் நாள் ஒன்றுக்கு நாற்பது மாட்டுப் பாலில் சீஸ் செய்தாளாம். இந்தக் கதையை நெட்ரா கல்யாணத்துக்கு முன்பே ஆறு தடவை கேட்டாயிற்று.

ஒரு மலைத்தொடர் ஏறி இறங்கினால் உப்புப் பூத்த சமவெளி. அதைத் தாண்டினால் அடுத்த மலைத்தொடர். நெட்ரா இறக்கங்களில் பிரேக்கைத் தொடாமல் கியரைக் குறைத்தே இறக்கினார்.

"இதே இறக்கத்துலதான் நம்ம முன்னோருங்க, வண்டி உருண்டு ஓடாம இருக்க, மாட்டு வண்டிக்குப் பின்னால பெரிய மரத்தைக் கட்டி இழுக்கவிட்டு இறங்கினாங்க, தெரியுமா?" என்றார் ஆர்வல்.

"தெரியும். போன தடவையும் இதே திருப்பத்துலதான் சொன்ன."

"ஏழு வண்டி இறக்க மூணு நாள்."

"அவங்களுக்கு உன்ன மாதிரி பக்கத்துல உக்காந்து பேசறவங்க இல்லாம இருந்திருந்தா ஒரே நாள்ல இறக்கியிருப்பாங்க."

பதினோரு மணிக்குக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஒன்று நின்றது. உள்ளே முப்பத்தெட்டு நாலாம் வகுப்புக் குழந்தைகள் கல் சுவர்கள் எதிரொலிக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். சிலர் வெண்ணெய் கடைந்தார்கள். சிலர் சுவரில் துப்பாக்கி நீட்டும் ஓட்டைகள் வழியே விரலால் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள்.

கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் கார்லீன் அந்த மண்ணின் பூர்வகுடிகளான பைய்யூட் இனத்துப் பெண். சட்டைப்பையில் எப்போதும் சூரியகாந்தி விதை. அவரிடம் ஆர்வல் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "இந்த ஊற்றைக் கண்டுபிடிச்சது எங்க கொள்ளுத்தாத்தா கூட்டம்தான்" என்றார்.

"அப்படியா? அது தொலைஞ்சு போயிருந்துச்சுன்னே எங்காளுங்களுக்குத் தெரியாதே" என்றார் கார்லீன்.

நெட்ரா சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. ஆர்வலும் காது சிவக்கச் சிரித்துவிட்டு, "சரி, எங்களுக்குக் காட்டிக் குடுத்தது உங்காளுங்கதான்" என்று ஒப்புக்கொண்டார். அவரும் கார்லீனும் சேர்ந்து சீஸ் அறையைப் பார்க்கப் போனார்கள்.

மதியம் ஒரு மணி சுமாருக்கு அது நடந்தது. குழந்தைகளை அழைத்து வந்த டிரைவர் டெல்மர் என்ற பருத்த மனிதர், காவல் மாடத்திலிருந்து இறங்கும்போது கற்படியில் கால் வழுக்கி விழுந்தார். கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்து, கை தப்பான பக்கம் திரும்பி நின்றது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. நெட்ரா அவரைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, கையை ஒரு பலகையோடு சேர்த்துத் தன் கழுத்துத் துண்டால் கட்டினார். கார்லீனின் கணவர் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிழக்கே ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குப் பறந்தார்.

இப்போது பஸ் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், டிரைவர் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்காது. பிள்ளைகளின் ஊர் மேற்கே ஐம்பது மைல். மெக்கெல் என்ற இருபத்துநாலு வயது ஆசிரியைக்கு அதுதான் முதல் சுற்றுலா. நகத்தைக் கடித்துக்கொண்டே கார்லீனின் வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் நின்றாள். பள்ளியிலிருந்து வேறு டிரைவர் வர மாலையாகிவிடும் என்று பதில் வந்தது.

நெட்ரா கைப்பையைத் திறந்து உரிமத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பள்ளிக்கூட பஸ் ஓட்டற அனுமதியோட இருக்கு. நம்பரைப் படிச்சுச் சொல்லுங்க. ஆல்டர் கிரீக் ஆபீசுல விசாரிக்கச் சொல்லுங்க."

கால் மணி நேரத்தில் அனுமதி வந்தது. வயர்லெஸ்ஸில் பேசிய ஆள் கடைசியில், "நெட்ரா ஹோலியோக்கா? அவங்க இருந்தா நாங்க ஏன் கவலப்படணும்?" என்றானாம். கார்லீன் அதை எல்லோர் காதிலும் விழும்படி திருப்பிச் சொன்னார்.

மெக்கெல் பிள்ளைகளை ஏற்றத் தயாரானாள். நெட்ரா ஏற்றவிடவில்லை. முதலில் பஸ்ஸைச் சுற்றி வந்தார். டயர் ஒவ்வொன்றையும் காலால் உதைத்தார், கையால் தடவினார். அடியில் குனிந்து கசிவு பார்த்தார். அவசரக் கதவைத் திறந்து மூடினார். பிரேக்கின் காற்றழுத்தத்தை இறக்கி மறுபடி ஏறவிட்டார்.

"காலையிலதான் டெல்மர் எல்லாம் பாத்தாரு, சிஸ்டர் ஹோலியோக்" என்றாள் மெக்கெல், சபையில் பெரிய பெண்களைக் கூப்பிடும் வழக்கப்படி. "மூணரைக்கு அப்பா அம்மாங்க வந்து நிப்பாங்க."

"அவர் பாத்தது அவருக்கு, கண்ணு. நான் பாக்கறது எனக்கு."

பஸ் கிளம்பியது. ஆர்வல் பிக்கப்பில் பின்னால் வந்தார். கோட்டையின் மேல் வெயில் சுட்டெரித்தது. வடக்கே முப்பது மைல் தள்ளி மலைமுகட்டில் மட்டும் கருநீல மேகம் குந்தியிருந்தது. அதன் கீழே சாம்பல் திரைபோல மழை தொங்கியது. நெட்ரா அதைக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு மறுபடி பார்த்தார்.

பன்னிரண்டாவது மைலில் மணல் ஓடை. பாலமெல்லாம் கிடையாது. சாலையே கான்கிரீட் தளமாகப் பள்ளத்தில் இறங்கி அந்தப் பக்கம் ஏறும். வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் அது காய்ந்து கிடக்கும். அன்று மெல்லிய பழுப்பு நீர் கணுக்கால் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. நெட்ரா நூறு கஜம் முன்னாலேயே மேட்டில் பஸ்ஸை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். ஓடைக் கரையில் போய் நின்றார். மெக்கெல் பின்னாலேயே ஓடி வந்தாள். ஆர்வலும் வந்து சேர்ந்தார்.

"இவ்ளோதானே தண்ணி? என் ஷூ கூட நனையாது" என்றாள் மெக்கெல்.

நெட்ரா குனிந்து தண்ணீரில் மிதந்து வந்ததைக் கையில் அள்ளிக் காட்டினார். பைன் மர ஊசிகள். ஜூனிபர் பட்டைத் துணுக்குகள்.

"இங்க பைன் மரம் எங்க இருக்கு? இது மலை உச்சியிலேருந்து வருது. மலையில பேஞ்ச மழைக்கு இது முன்னால ஓடி வர்ற தண்ணி; வெள்ளம் பின்னாலயே வரும். நாம நிக்கப் போறோம்."

"எவ்ளோ நேரம்?"

"தெரியாது."

அந்த நேரம் பார்த்து வெள்ளை பிக்கப் ஒன்று பின்னாலிருந்து வந்தது. மாட்டுப் பண்ணைக்காரர் யாரோ. பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு நேராக ஓடைக்குள் இறங்கி, தண்ணீரைச் சிறகுபோல இரண்டு பக்கமும் வீசியடித்து, அந்தக் கரையில் ஏறிக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸுக்குள்ளிருந்து கூச்சல் எழுந்தது. ஒரு சிறுமி ஜன்னலில் தலையை நீட்டி, "பாட்டி பயந்துட்டாங்கடோய்!" என்று கத்தினாள்.

மெக்கெல்லின் கழுத்து சிவந்தது. "பாத்தீங்களா? அவர் போயிட்டாரு. ஒரே நிமிஷம். உங்க மேல மரியாதை இருக்கு சிஸ்டர் ஹோலியோக். ஆனா பொறுப்பு என்னோடது. ஊர்ல எல்லாரும் பதறிப் போயிருப்பாங்க. போன் கூடக் கிடையாது. நீங்க ஓட்டித்தான் ஆகணும்."

ஆர்வல் குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தார். நெட்ரா கையை உயர்த்தி அவரை அடக்கினார்.

"முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால நான் ஓட்டினேன், கண்ணு" என்றார். "மார்ச் மாசம். பனி உருகற நேரம். இதே மாதிரி ஓடை, இதே அளவு தண்ணி. அதுக்கு முந்தின வாரம் ரெண்டு தடவை நின்னுட்டேன்னு ஆபீசுல திட்டு வாங்கியிருந்தேன். மூணாவது தடவையும் லேட்டாப் போக ரோஷம் விடல. பதினோரு பிள்ளைங்க உள்ள. இறக்கிட்டேன்."

"அப்புறம்?"

"பாதி வழியில தண்ணி ஏறிருச்சு. கதவுப் படியைத் தொட்டுச்சு. பின்னாடி சக்கரம் ஒரு அடி நகந்து போறத உக்காந்த இடத்துலயே உணர்ந்தேன். அது திரும்பவும் தரையப் பிடிச்சதுக்கு நான் எதுவும் செய்யல. ஸ்டீயரிங்கப் பிடிச்சிட்டு சும்மா இருந்தேன். அவ்வளவுதான். கரையேறினதும் பிள்ளைங்க எல்லாம் கைதட்டி, 'மிஸ் நெட்ரா, இன்னொரு தடவை!'ன்னு கேட்டாங்க. டயர் பாக்கறேன்னு சொல்லிட்டு இறங்கிப் போய், பஸ்ஸுக்குப் பின்னால வாந்தி எடுத்தேன்."

ஆர்வல் மனைவியின் முகத்தையே பார்த்தார். ஐம்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் இந்தக் கதை அவர் காதுக்கு வந்ததில்லை.

"யாருகிட்டயும் சொல்லல" என்றார் நெட்ரா. "விபத்தே இல்லாம முப்பத்துமூணு வருஷம்னு ஒரு கேடயம் குடுத்தாங்க. அத நான் அலமாரிக்குள்ள சுவத்தப் பாத்துத் திருப்பி வெச்சிருக்கேன். நீ என்னைய என்ன வேணா திட்டு. சாவியை மட்டும் கேக்காத. தரமாட்டேன்."

மெக்கெல் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

இருபது நிமிஷம் போனது. வானம் தலைக்கு மேலே நீலமாகவே இருந்தது. நெட்ராவுக்கே ஒரு கணம் சந்தேகம் தட்டியது; வயதாகிவிட்டதோ, தேவையில்லாமல் பயப்படுகிறோமோ என்று. அப்போது ஓடைப் படுகையிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வந்தது. ஈரமண்ணும் கசக்கிய சேஜ் இலையும் கலந்த வாசனை. பிறகு சத்தம். தூரத்தில் சரக்கு ரயில் வருவதுபோல.

"எல்லாரும் உள்ளயே இருங்க!" என்று நெட்ரா குரல் கொடுத்தார்.

வளைவைத் திரும்பி வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. ஆள் உயரத்துக்குக் கறுப்பு நுரையும் கட்டைகளும் ஒன்றையொன்று ஏறி மிதித்துக்கொண்டு உருண்டு வந்தன. வேரோடு பிடுங்கிய ஜூனிபர் மரம் ஒன்று கான்கிரீட் தளத்தின்மேல் செங்குத்தாக நின்று, விழுந்து, காணாமல் போனது. பாறைகள் அடியில் இடித்துக்கொள்ளும் அதிர்வு மேட்டில் நின்ற பஸ்ஸின் கண்ணாடிகளை நடுங்கவைத்தது. முப்பத்தெட்டுக் குழந்தைகளும் ஜன்னல்களை விட்டு நடுவழிக்கு நகர்ந்தார்கள்.

மெக்கெல் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். நெட்ரா பக்கத்தில் போய் நெருக்கி உட்கார்ந்து தோளில் கை வைத்தார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. பிக்கப்பைப் பார்த்து, "ஆர்வல், ஐஸ் பெட்டிய எடு" என்று மட்டும் சொன்னார்.

"அது நாளைக்கு விருந்துக்கு!"

"நாளைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம். இவங்களுக்குப் பசிக்கும்."

விருந்துக்குச் சுட்ட ரொட்டி நூறும் அந்த மேட்டில் தீர்ந்தது. பன்றித்தொடையை ஆர்வல் பேனாக்கத்தியால் வெட்டிக் கொடுத்தார். உருளைக்கிழங்குக் கலவையை ஆறிப்போனபடியே ஆளுக்கொரு கை அள்ளித் தின்றார்கள். பாட்டி பயந்துவிட்டாள் என்று கத்திய சிறுமி மூன்றாவது ரொட்டிக்குக் கை நீட்டும்போது, "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"பயந்தேன்ல? அப்படித்தான்" என்றார் நெட்ரா.

ஆர்வலுக்கு வாழ்நாளில் கிடைக்காத யோகம் அன்று கிடைத்தது. எழுந்து போக வழியில்லாத முப்பத்தெட்டுப் பேர். கொள்ளுப்பாட்டி, நாற்பது மாடு, மரம் கட்டி இறக்கிய ஏழு வண்டி எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஏழாவது வண்டி கயிறு அறுந்து போன இடம் வந்தபோது நெட்ராவும் திரும்பிப் பார்த்தார். அது அவர் இதுவரை கேளாத பகுதி. நிஜமா, அந்த நிமிஷம் முளைத்ததா என்று அவர் விசாரிக்கவில்லை.

ஐந்து மணிக்குத் தண்ணீர் வடிந்தது. அப்போதும் நெட்ரா பஸ்ஸை எடுக்கவில்லை. அந்தக் கரையில் மாவட்டச் சாலை ஆட்கள் மண் தள்ளும் இயந்திரத்தோடு வந்து கட்டைகளையும் பாறைகளையும் ஒதுக்கினார்கள். பெற்றோருக்குச் செய்தி சொல்லச் சொல்லி அவர்களுடைய வயர்லெஸ்ஸில் மெக்கெல் பேசினாள். கான்கிரீட்டுக்கு அடியில் மண் அரித்திருக்கிறதா என்று நெட்ரா பாண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, மண்வெட்டிக் காம்பால் ஓரமெல்லாம் குத்திப் பார்த்தபடி நடந்தே ஒருமுறை அக்கரை போய் வந்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

"மெக்கெல், எண்ணு."

"முப்பத்தெட்டு."

"இன்னொரு தடவை."

"முப்பத்தெட்டு, சிஸ்டர் ஹோலியோக்."

பஸ் நடக்கிற வேகத்தில் இறங்கி ஏறியது. சக்கரம் ஒரு விரல்கடைகூட நகரவில்லை. உள்ளே யாரும் கைதட்டவில்லை. அதுதான் நெட்ராவுக்கு நிம்மதியாக இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் வெயில் சாயும் நேரத்தில் பெற்றோர்கள் கூட்டமாக நின்றார்கள். வெள்ளை பிக்கப்காரரும் அங்கே இருந்தார். ஜன்னலில் தலை நீட்டிக் கத்திய சிறுமி ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தாள்; அவருடைய மகள்தான் அவள். எதையும் யோசிக்காமல் ஓடை கடந்த மனிதர், பஸ்ஸுக்குள் தன் பிள்ளை இருப்பதை நினைக்கவே இல்லையாம். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நெட்ரா முன்னால் வந்து நின்றார்.

"உங்க பொண்ணு மூணு ரொட்டி சாப்பிட்டா. ராத்திரி சாப்பாடு இறங்காது, வற்புறுத்தாதீங்க" என்றார் நெட்ரா.

எல்லோரும் இறங்கிய பிறகு அவர் மட்டும் கடைசி இருக்கைவரை நடந்து, ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்து, சாவியை மெக்கெல் கையில் கொடுத்தார். மெக்கெல் சாவியோடு அந்தக் கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பிக்கப்புக்கு வந்ததும் நெட்ரா முதல்முறையாக வலது பக்கம் போய், ஆர்வல் உட்காரும் இடத்தில் ஏறினார். "நீ ஓட்டு. இன்னிக்கு எனக்குப் போதும்."

ஊரைத் தாண்டியதும் வழியில் இரண்டு நினைவுப் பலகைகள் வந்தன, ஆர்வல் நிறுத்தவில்லை. கடைசியில், "அப்பவே என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"சொல்லியிருந்தா அங்கயும் ஒரு பலகை நட்டிருப்ப."

அவர் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "அந்தப் பதினோரு பிள்ளைங்க யாரு யாரு?"

நெட்ரா கண்ணை மூடிக்கொண்டு இருக்கை வரிசைப்படி சொல்ல ஆரம்பித்தார். முன் இருக்கையில் நடீன். இப்போது நர்ஸ், இரட்டைக் குழந்தைகள். அவளுக்குப் பின்னால் ஸ்டாட்லர் வீட்டு அண்ணன் தம்பி. பெரியவன் லாரி ஓட்டுகிறான், சின்னவன் நெவாடாவில் சுரங்கத்தில். ஜன்னலோரம் எப்போதும் வாந்தி எடுக்கும் குவின்; பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராகிவிட்டான், நம்ப முடிகிறதா? ஒவ்வொருவரும் யாரைக் கட்டினார்கள், எந்த ஊரில் இருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் என்று எதுவும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். முப்பத்தோரு வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தப் பதினோரு பேருக்கு மட்டும் ஏன் தவறாமல் வாழ்த்து அட்டை போகிறது என்று ஆர்வலுக்கு அப்போதுதான் புரிந்தது.

பதினோராவது பெயரைச் சொல்லி முடித்தபோது செயின்ட் ஜார்ஜின் ஊர் விளக்குகள் தெரிந்தன. மகள் வாசலுக்கு வந்து, "இவ்ளோ நேரமா? சாப்பாடெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டாள்.

"வழியில கொஞ்சம் பிள்ளைங்களப் பாத்தோம்" என்று சொல்லிவிட்டு நெட்ரா பேத்தியைத் தூக்கப் போனார்.